கடல் கடந்து கற்கப் போகும் பிள்ளைக்கு

உடப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சென்ற கிழமை எம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்திலே பயில்பவள். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின்படி ஒரு பருவம், அதாவது ஏறக்குறைய ஐந்து மாத காலம், ஐரோப்பாவிலே படித்து வருவதற்குத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறாள். "பெட்டியிலே என்னென்ன வைத்து அனுப்பவேண்டும், சேர்?" என்பதே தகப்பனாரின் கேள்வி. கையில் நீண்டதொரு பட்டியலும் இருந்தது: மிளகாய்த்தூள், கருவாடு, சித்தாலேப, கம்பளிச் சட்டை இரண்டு, முன்னேசுவரத்து விபூதி. பட்டியலிலே குறை ஒன்றும் இல்லை. கருவாட்டை மட்டும் அந்நாட்டுச் சுங்க விதிகளைப் பார்த்துவிட்டு வைக்கும்படி சொன்னோம். ஆனால் பெட்டியிலே வைக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இவ்வாரம் இப்பகுதியில் எழுத எண்ணுகிறோம்.

முன்னாளில் அந்நிய நாட்டுக்குப் படிக்கச் சென்றவர்கள் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று தங்கிப் பட்டத்தோடு திரும்பினார்கள். முதல் மூன்று மாதம் ஏங்கியும் தடுமாறியும் கழிந்தாலும், பின்னர் ஈடு செய்துகொள்ளக் காலம் இருந்தது. 1987 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளிடையே எராஸ்மஸ் என்னும் திட்டம் தொடங்கிய பின்னர், ஒரு பருவம் மட்டும் அயல்நாட்டிலே படித்துத் திரும்பும் வழக்கம் பரவலாயிற்று. இப்போது அது ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள மாணவரையும் எட்டியிருக்கிறது. இதிலே உள்ள சங்கடம் யாதெனில், காலம் குறுகிவிட்டது, தடுமாற்றம் குறுகவில்லை. ஐந்து மாதத்திலே மூன்று மாதத்தைத் தனியறையில் கழித்துவிட்டவன், விமானச் சீட்டின் பணத்துக்குக் கட்டடங்களைத்தான் பார்த்துவிட்டு வருவான்.

அந்நிய நாட்டான் ஒருவன் புது மண்ணிலே காலூன்றும் காட்சி எமது கரைக்குப் புதியதன்று. 1344 ஆம் ஆண்டிலே மொறோக்கோ தேசத்து யாத்திரிகரான இபின் பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு வந்து இறங்கியது இந்தப் புத்தளத்திலேதான். கரையிலே கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மரத்தாலான மதில் சூழ்ந்த சிறு நகரையும் அவர் தம் பயண நூலிலே குறித்திருக்கிறார். அப்போது இங்கே தங்கியிருந்த ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கிற்று. ஆதலால் இருவரும் உரையாட முடிந்தது. வேண்டியதைக் கூசாமல் கேட்கலாம் என்று மன்னன் கூற, பாவா ஆதமின் பாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்பதொன்றே தம் விருப்பம் என்றார் யாத்திரிகர். பல்லக்கும், அதனைச் சுமக்க ஆட்களும், வழி தெரிந்த யோகிகளும் பிராமணரும், உணவு சுமக்கும் பதினைந்து பேரும் அவருக்குக் கிடைத்தனர். தஞ்சியரை விட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு ஊர் சுற்றியவர் அவர். அந்நியனுக்கு வாய்தான் கால் என்பதை அதற்குள் நன்கு அறிந்திருந்தார்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த பெயருக்குரியவரின் கதை. ஆனால் பெயரை அறிந்தவர்கள் இதனை அறிந்திருப்பதில்லை.

ஸ்ரீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 ஆம் தேதி சென்னையிலே கப்பலேறினார். வயது இருபத்தாறு. துறைமுகக் கந்தோரிலே மாதம் முப்பது ரூபா சம்பளத்துக்கு எழுதுவினைஞராக அமர்ந்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் உபகாரச் சம்பளமும் பிரயாணச் செலவும் தந்தது. கடல் கடத்தலுக்குத் தாயார் முதலில் இசையவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிய பின்னரே இசைந்தார் என்பர். குடுமியைக் களைந்து, ஐரோப்பிய உடை தரிப்பதற்கு முன்னரே தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கோலத்தை அவர்கள் காணவேண்டாம் என்பது அவர் எண்ணம். ஏப்ரல் 14 ஆம் தேதி இலண்டனை அடைந்தார். அவரை எதிர்கொண்டழைத்த நெவில் என்னும் பேராசிரியர் தம் வீட்டிலேயே சில கிழமை தங்கவைத்தார். பின்னர் கேம்பிறிட்ஜிலே திரினித்திக் கல்லூரியில் அறை கிடைத்தது.

அதே கேம்பிறிட்ஜிலே கிங்ஸ் கல்லூரியில் வங்காள மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். மஹலனோபிஸ் என்பது அவர் பெயர்; பின்னாளில், 1931 இல், கல்கத்தாவிலே இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். குளிர் கடுமையான ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போன அவர், கணப்பின் அருகே நடுங்கிக்கொண்டிருந்த நண்பரிடம், இரவிலே சூடாக உறங்க முடிகிறதா என்று கேட்டார். இல்லை, மேற்சட்டையை அணிந்து, அதன்மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்க முடியவில்லை என்றார் ராமானுஜன். போர்வைகள் போதவில்லையோ என்று ஐயுற்ற மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார். மஹலனோபிஸ் கம்பளியின் ஓரத்தை மடித்துக் காட்டிவிட்டு வந்தார். அவ்வளவுதான் காரியம்.

இதனை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எமக்குச் சிரிப்பு வருவதில்லை. எத்தனை இரவுகள் அவ்வாறு கழிந்தனவோ! பாயிலே படுத்துப் பழகிய எம் ஊர்ப் பிள்ளை எவனும் அதனையே செய்திருப்பான். அறியாமையிலே குற்றம் இல்லை. ஒருவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்திலே தீர்ந்திருக்கும். கேட்பதற்கு நா எழவில்லை. பகல் முழுவதும் கணித மேதை ஹார்டியோடு எண்களைப் பற்றி உரையாடியவருக்கு, "இந்தக் கட்டிலிலே எப்படிப் படுப்பது?" என்று கேட்பது அரியதாயிற்று. கற்றவர்களுக்கே இக்கூச்சம் மிகுதி. சிறு விஷயம் தெரியவில்லை என்று சொன்னால் பெரிய விஷயத்திலே பெற்ற மதிப்பும் போய்விடும் என்று மனம் அஞ்சுகிறது.

கேளாமை ஒரு பக்கத்துக் குறை மட்டுமன்று. ராமானுஜன் எந்தெந்த நூல்களைப் படித்தவர், அவருடைய எண்ணங்கள் எவ்வாறு உதித்தன என்பவற்றைத் தாமே அவரிடம் கேட்டறியாமல் விட்டதைப் பற்றி ஹார்டி பின்னாளிலே எழுதியிருக்கிறார். நாள்தோறும் ஐந்தாறு புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டும் ஒருவரை அத்தகைய கேள்விகளால் தொல்லைப்படுத்த மனம் வரவில்லையாம். கணித விஷயத்திலேயே இப்படியென்றால், சாப்பாடு, தூக்கம், வீட்டுக் கவலை ஆகியவற்றை அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார்! ஆங்கிலேயரிடையே பிறர் அந்தரங்கத்தில் தலையிடாமை மரியாதை. நம்மவரிடையே குறையை வெளியே சொல்லாமை மரியாதை. இந்த இரு மரியாதைகளுக்கும் இடையிலே ஒரு மனிதன் நடுங்கிக் கிடந்தான்.

உணவு விஷயம் இன்னும் துயரமானது. ராமானுஜன் ஆசாரமான வைணவக் குடும்பத்தவர்; மரக்கறி உணவு தவிர வேறெதையும் தீண்டார். கல்லூரி உணவு மண்டபத்துச் சமையலிலே அவருக்கு நம்பிக்கையில்லை. ஆகவே தம் அறையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். வேண்டிய பண்டங்கள் சென்னையிலிருந்து பொதியாக வந்தன. 1914 ஆகஸ்டிலே உலக யுத்தம் மூண்டதும் பாலும் பழமும் மரக்கறியும் கிடைப்பது அரிதாயிற்று. கணக்கிலே மூழ்கிவிட்டால் நேரம் தெரியாது. வேளை தவறி உண்பார். கேம்பிறிட்ஜ் போன்ற இடங்களிலே மாணவருக்கு நண்பர்கள் ஏற்படுவது விரிவுரை மண்டபத்திலன்று, இராப்போசன மேசையிலே. அந்த மேசைக்கு அவர் போகவில்லை.

ஒருமுறை அவரே விருந்து வைத்தார். இந்திய நண்பர் ஒருவரையும், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் அழைத்துத் தம் கையால் சமைத்த ரசத்தைப் பரிமாறினார். இருமுறை வாங்கி உண்ட பெண்கள் மூன்றாம் முறை போதும் என்றனர். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. விருந்தினர் காத்திருந்து காத்திருந்து வீடு திரும்பினர். சில நாட்களின் பின், கையிலே பணமில்லை என்று ஒக்ஸ்போர்டிலிருந்து அவருடைய தந்தி வந்தது. தாம் அளித்த உணவை மறுத்துவிட்டார்களே என்ற துக்கத்திலே, கையிலிருந்த காசுக்கு எந்த ஊர்வரை புகையிரதம் போகுமோ அந்த ஊருக்குப் போய்விட்டாராம்! நெடுநாள் தனியே உண்டு வந்த மனிதனுக்கு ஒரு விருந்து எவ்வளவு பாரமாகிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

1916 இலே ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1917 இல் நோய்வாய்ப்பட்டார். அன்றைய வைத்தியர்கள் காசநோய் என்று கருதினர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்திலே ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். நோய்க்குத் தனிமையே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் 1918 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே மனமுடைந்து ஓடும் புகையிரதத்தின் முன் விழவும் துணிந்தார், தெய்வாதீனமாகவே தப்பினார். அதே ஆண்டிலேதான் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும் திரினித்திக் கல்லூரியின் அங்கத்தவராகவும் தெரிவானார். வெளியே புகழ் வளர்வதற்கும் உள்ளே மனம் தேய்வதற்கும் ஒரே ஆண்டு போதுமாயிருந்தது. 1919 இலே தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 ஆம் தேதி, முப்பத்திரண்டாவது வயதிலே காலமானார்.

இதனால் ஆசாரத்தைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவோரும் உளர். அது சரியன்று. இதே விரதத்தோடு இன்னோர் இளைஞர் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டுக்குப் போயிருந்தார். 1888 செப்டெம்பர் 4 ஆம் தேதி பம்பாயிலே கப்பலேறிய காந்திக்கு வயது பதினெட்டு. மாமிசம் தீண்டேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளைப் பிளனல் உடையோடு கப்பலிலிருந்து இறங்கிப் பார்த்தால், துறைமுகம் முழுவதிலும் வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே. தங்கிய வீட்டிலே உப்புறைப்பில்லாத வேகவைத்த கீரையும் பாணும், பசி தீரவில்லை, இன்னும் இரண்டு துண்டு பாண் கேட்க வெட்கம். இரவிலே தாயை நினைத்து அழுதார். இவ்வளவும் அவரே எழுதியவை. ஆனால் அறைக்குள்ளே முடங்கிவிடவில்லை. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவுச்சாலையைத் தேடினார். பரிங்டன் வீதியிலே ஒன்றைக் கண்டார். பின்பு இலண்டன் சைவ உணவுச் சங்கத்திலே சேர்ந்தார். அதன் நிர்வாக சபையிலும் இடம்பெற்றார். அதன் பத்திரிகையிலே கட்டுரை எழுதினார். எந்த விரதம் அவரை அந்நாட்டாரிடமிருந்து பிரித்திருக்கக் கூடுமோ, அந்த விரதமே அவருக்கு அந்நாட்டிலே நண்பர்களைத் தேடித் தந்தது. (நடுவிலே நடனம், பிடில் என்று சில மாதம் கனவானாகப் பார்த்தார். அதுவும் தீங்கில்லை; பணம் தீருமுன் புத்தி தெளிந்துவிட்டது.)

எமது நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. பொன்னம்பலம் அருணாசலம் 1870 இலே கொழும்பிலிருந்து கேம்பிறிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றபோது பதினேழு வயதுச் சிறுவர். அங்கே எட்வேட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில அறிஞரின் நட்பைப் பெற்றார். 1875 இலே திரும்பிய பின்னரும் அந்நட்பு அறவில்லை. 1890 அளவிலே கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தார்; அருணாசலம் அவருக்கு எழுதிய கடிதங்கள் அருணாசலம் மறைந்த பின் நூலாகவும் வெளிவந்தன. 1906 இலே இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் தொடங்கியவர்களின் தலைவராக அருணாசலம் நின்றபோது, பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று நேரிற் கண்டவர் என்ற உறுதி அவருக்கு இருந்தது.

இதுவரை போகிறவர்களைப் பற்றிச் சொன்னோம். மஹலனோபிஸின் பங்கையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவரும் அங்கே அந்நியரே; ஓராண்டு முன்னதாக வந்தவர், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டார். எழுந்து போய்ப் படுக்கையைப் பார்த்தார். எம் கரை மக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிலே பெருந்தொகையானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே வந்து தங்கினர். உடுத்த உடையோடு வந்த அக்குடும்பங்களின் பிள்ளைகள் இப்பகுதிப் பாடசாலை வாங்குகளிலே நெருங்கி அமர்ந்தார்கள். விரும்பிக் கற்கப் போவதையும் துரத்தப்பட்டு வருவதையும் ஒன்றாக வைத்துப் பேசலாகாது. ஆயினும், புதிய வகுப்பின் முதல் நாளிலே வாங்கில் சற்றே ஒதுங்கி இடம் கொடுக்கும் பிள்ளையின் அருமை இரு சாராருக்கும் ஒன்றுதான்.

இனி, இக்காலத்துக்கேயுரிய ஒரு சங்கடம். ராமானுஜனுக்கு வீட்டுக் கடிதம் வரக் கிழமைகள் சென்றன. இன்றைய பிள்ளைக்குத் தாயின் முகம் உள்ளங்கையிலே தெரிகிறது. இது பெரும் பாக்கியமே. ஆனால் நேரத்தைச் சற்றுக் கவனியுங்கள். உடப்பிலே இரவு ஒன்பது மணி, வேலையெல்லாம் முடிந்து தாய் தொலைபேசியை எடுக்கும் நேரம், மத்திய ஐரோப்பாவிலே குளிர்காலத்தில் பிற்பகல் நாலரை மணி. வகுப்பு முடிந்து, "சமைக்கப் போகிறோம், வருகிறாயா?" என்று பக்கத்து அறைப் பிள்ளைகள் கதவைத் தட்டும் வேளை அது. நாள்தோறும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை உடப்பிலே இருந்துவிட்டால், உடல் மட்டுமே ஐரோப்பாவிலே இருக்கும். கிழமைக்கு இரண்டு நாள் பேசுங்கள். அந்த ஊரின் இரவிலே பேசுங்கள், அதாவது எமது விடியற்காலையிலே. கரைவலைக்குப் போகிற வீடுகளிலே அந்நேரம் விழித்திருப்பது வழக்கந்தானே.

பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஓம்" என்ற ஒரே பதில்தான் வரும். பட்டினி கிடந்தாலும் அதுவே வரும். "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லச் சிறிது தாமதித்தால் விஷயம் விளங்கிவிடும். பல நாட்கள் ஒரே பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், அங்குள்ள மாணவர் நலன் அலுவலரையோ மருத்துவரையோ காணும்படி அன்பாக வற்புறுத்துங்கள். அத்தகையோர் இன்று பல பல்கலைக்கழகங்களிலே இருக்கிறார்கள். டிசம்பர் மாதத்தில் வட ஐரோப்பாவிலே பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வெயிலிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் காரணமில்லாத சோர்வு வருவது அதிசயமன்று, அது மானக்குறைவுமன்று.

மாணவருக்கு வகுப்பறையைப் பற்றியும் ஒரு சொல். எம் நாட்டிலே ஆசிரியர் பேசுவார், மாணவர் எழுதிக்கொள்வர். வாய் மூடி இருப்பது பணிவு. அங்கே சிறு குழுக்களாக அமர்ந்து விவாதிக்கும் வகுப்புகள் உண்டு. வாய் திறவாதவரைப் பணிவுள்ளவர் என்று யாரும் எண்ணார். பாடத்தைப் படித்து வரவில்லை என்றே எண்ணுவர். ஆசிரியர்கள் கிழமையிலே குறித்த சில மணி நேரம், மாணவர் வந்து காண்பதற்கென்றே தம் அறையில் அமர்ந்திருப்பார்கள். எம் பிள்ளைகள் அங்கே போவதைக் கெட்டிக்காரத்தனத்துக்கு இழுக்கு என்று கருதிப் போகாமலே விட்டுவிடுகிறார்கள். முதற் கிழமையிலேயே போங்கள். கேட்க ஒன்றும் இல்லாவிட்டால், கட்டுரையை எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள். அது வீண் கேள்வியன்று. பெரியோர் வாக்கை அப்படியே ஒப்புவிப்பது இங்கே மரியாதை, பெயர் குறிப்பிடாமல் அப்படி எழுதினால் அங்கே அது எழுத்துத் திருட்டு, தண்டனைக்குரியது.

போய் இறங்கிய முதற் சனிக்கிழமை, அயல் அறையினரை அழைத்துச் சொதியும் சோறும் ஆக்கிக் கொடுங்கள். தேங்காய்ப்பால் அங்கே பேணியிலே கிடைக்கும். எமது சிலாபத்துத் தேங்காயின் சுவை அதில் இராதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். எந்தச் சட்டி எங்கே இருக்கிறது, அடுப்பை எப்படி மூட்டுவது என்று அவர்களிடமே கேளுங்கள். இரண்டாம் அகப்பைக்கு ஒருவர் வேண்டாம் என்றால் முகம் வாடவேண்டாம். அந்த ஊரில் போதும் என்றால் போதும் என்றுதான் பொருள்.